312 சிடிகளை மறுபடியும் ரிப் செய்த கதை

சிடியில் உள்ள இசையைக் கணினிக் கோப்பாக எடுப்பதைத்தான் ‘ரிப்’ செய்வது என்பார்கள். இந்த வேலையை நான் முதலில் செய்தது 2006இல். அப்போது ஹார்ட் டிஸ்க்கில் இடம் கம்மி. அதனால் சிடிகள் எல்லாவற்றையும் 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக மாற்றினேன். டிரைவ் எவ்வளவு வேகமாகப் படிக்குமோ அந்த வேகத்திலேயே விட்டுவிட்டு, பாட்டுகளின் பெயர் இணையத்திலிருந்து எப்படி வந்ததோ அப்படியே எடுத்துக்கொண்டு, மூன்று வாரத்தில் முடித்தேன். சிடிகளை அட்டைப்பெட்டிகளில் அடுக்கி மேலே ஏற்றியாயிற்று.

பல வருஷம் அந்த எம்பி3களைத்தான் கேட்டேன். நல்ல ஹெட்ஃபோன் ஒன்று கைக்கு வந்த பிறகு குறைகள் ஒவ்வொன்றாகக் காதில் விழ ஆரம்பித்தன. கைதட்டல் வரும் இடங்களில் தட்டுகிற சத்தம் கேட்கவில்லை, தண்ணீர் சலசலப்பது போல ஏதோ கேட்டது. விடாமல் ஓடும் மேடைப் பதிவுகளில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் கத்தரியால் நறுக்கியது போல ஒரு சின்ன வெறுமை. சில பாட்டுகளில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். அந்த டிக் சிடியிலேயே இருந்ததா, படிக்கும்போது வந்ததா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. எந்தப் பாட்டு ஒழுங்காகப் படிக்கப்பட்டது, எது அரைகுறை என்று சொல்ல ஒரு குறிப்புகூட நான் வைத்துக்கொள்ளவில்லை.

அதனால் இரண்டாம் முறை தொடங்கும்போது எனக்கு நானே ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு சிடியும் ஒரு பிட்கூட மாறாமல் படிக்கப்பட்டது என்பதற்குச் சான்று கோப்புகளோடு கூடவே இருக்க வேண்டும். சான்று இல்லாத சிடி முடிந்த கணக்கில் சேராது.

இசை சிடியைக் கணினியில் போட்டுக் கோப்பை நகலெடுப்பது போல எடுத்துவிடலாம் என்றுதான் நானும் முன்பு நினைத்திருந்தேன். அப்படி இல்லை. டேட்டா சிடியில் ஒவ்வொரு செக்டரிலும் (சிடியில் உள்ளது இப்படிச் சிறு சிறு துண்டாகத்தான் பிரிந்திருக்கும்) 2352 பைட் இடம் இருந்தாலும் 2048 பைட்டில்தான் நம் தகவல் இருக்கும். மிச்சத்தில் பெரும்பகுதி பிழை கண்டுபிடித்துத் திருத்துவதற்கான கூடுதல் ஏற்பாடு. இசை சிடியில் அந்த 2352 பைட்டும் இசைக்கே போய்விடுகிறது. அடிப்படைப் பிழைதிருத்தம் ஒன்று இரண்டு வகைக்கும் பொதுவாக உண்டு, அது சின்னக் கீறல்களைத் தாங்கிக்கொள்ளும். அதையும் மீறிய கீறல் வந்தால் இசை சிடியைப் படிக்கும் கருவி முன்னும் பின்னும் உள்ள ஒலியைப் பார்த்து நடுவில் ஒரு மதிப்பை இட்டு நிரப்பிவிடும். பாட்டுக் கேட்பவருக்கு அது நல்லது. நகலெடுப்பவருக்கு அதுதான் சிக்கல், ஏனென்றால் இட்டு நிரப்பிய விஷயத்தை டிரைவ் பெரும்பாலும் நம்மிடம் சொல்லாது. கோப்பு உருவாகிவிடும், பாட்டும் ஓடும், உள்ளே இருப்பது மூலம் இல்லை.

இதற்காகவே எழுதப்பட்ட மென்பொருள்கள் உண்டு. விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்எல்டி, லினக்ஸில் விப்பர். நான் விண்டோஸில் இருப்பதால் முதலாவதை எடுத்துக்கொண்டேன். இஏசி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதன் ‘செக்யூர் மோட்’ ஒவ்வொரு செக்டரையும் குறைந்தது இரண்டு முறை படிக்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அதே இடத்தை 16 முறை திரும்பப் படித்து, அதில் 8 முறையாவது ஒரே விடை வருகிறதா என்று பார்க்கும். வராவிட்டால் மறுபடி 16. தரத்தை உச்சத்தில் வைத்தால் இப்படி ஐந்து சுற்று, ஆக மொத்தம் ஒரே செக்டரை 82 தடவை வரை படிக்கும். ஒரு நொடி இசைக்கு 75 செக்டர். மோசமான கீறல் விழுந்த சிடியில் இது ஏன் மணிக்கணக்கில் நிற்கிறது என்று இந்தக் கணக்கைப் போட்டதும் புரிந்தது.

முதல் நாள் முழுக்க டிரைவைப் பழக்குவதிலேயே போயிற்று. இரண்டு டிரைவ் வைத்திருந்தேன். ஒன்று யுஎஸ்பியில் செருகும் மெல்லிய டிவிடி டிரைவ். இன்னொன்று பழைய மேசைக் கணினியிலிருந்து கழற்றியது, கனமானது, திறந்து மூடும்போது சத்தம் போடும். இரண்டுக்கும் கேஷ் உண்டு, அதாவது படித்ததைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம். கேஷ் இருந்தால் ‘இன்னொரு முறை படி’ என்று சொல்லும்போது டிரைவ் சிடியைத் தொடாமல் நினைவிலிருந்து பழைய விடையையே எடுத்து நீட்டிவிடலாம். அப்புறம் இரண்டு முறை படித்து என்ன பயன்? இஏசியில் டிரைவ் அமைப்புகளுக்குள் போய் அதைக் கண்டறியச் சொல்லி, கேஷைத் தாண்டிப் படிக்கும்படி வைக்க வேண்டும். இதில் வேகம் பாதியாகும். ஆகட்டும்.

அடுத்தது ஆஃப்செட். ஒவ்வொரு டிரைவ் மாடலும் படிக்கத் தொடங்கும் இடத்தில் சில சாம்பிள்கள் (ஒலியை அளந்து எழுதிய தனித்தனி எண்கள்) முன்னேயோ பின்னேயோ தள்ளி நிற்கும். என் யுஎஸ்பி டிரைவுக்கு அது 6 சாம்பிள், பழையதற்கு 667. நொடிக்கு 44,100 சாம்பிள் என்பதால் 667கூட 15 மில்லிநொடிதான், காதால் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் திருத்தாமல் விட்டால் இரண்டு டிரைவில் எடுத்த ஒரே பாட்டு பிட் அளவில் ஒத்துப்போகாது. ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இந்த வேலையின் உயிர், அதனால் இதைத் தவிர்க்க முடியாது. பலரிடமும் இருக்கக்கூடிய பிரபலமான சிடி ஒன்றைப் போட்டால் அக்யூரேட்ரிப் என்ற இணையத் தரவுத்தளம் தானே ஆஃப்செட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுகிறது.

அக்யூரேட்ரிப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். உலகம் முழுக்க ஆட்கள் தங்கள் சிடியைப் படித்து, ஒவ்வொரு பாட்டுக்கும் வரும் செக்சம் எண்ணை (கோப்பின் கைரேகை போல, உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுப்பது) அங்கே அனுப்புகிறார்கள். நான் படித்ததும் என் எண்ணை அந்தப் பட்டியலோடு ஒப்பிடும். ‘கான்ஃபிடன்ஸ் 34’ என்று வந்தால் முகம் தெரியாத 34 பேருடைய பதிவில் வந்த அதே எண் எனக்கும் வந்திருக்கிறது என்று அர்த்தம். வெவ்வேறு டிரைவ், வெவ்வேறு சிடி, கீறல்கள் வேறு வேறு. இருந்தும் ஒரே விடை என்றால் அது மூலத்தைத் தவிர வேறு எதுவாகவும் இருக்க முடியாது. முதல் சிடிக்கு எல்லாப் பாட்டிலும் பச்சைக்கொடி விழுந்தபோது நான் உட்கார்ந்து, படித்த விதத்தை இஏசி எழுதி வைக்கும் லாக் ஃபைலை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்தேன். 2006இல் எனக்கு இல்லாமல் போனது அந்த ஒரு பக்கம்தான்.

கோப்பு வடிவத்துக்கு ஃபிளாக், இசையில் எதையும் இழக்காமல் சுருக்கும் வடிவம். இதில் யோசிக்கவே இல்லை. 2001இலிருந்து இருக்கிறது, திறந்த வடிவம், 2024இல் இணையத் தரமாகவும் பதிவாகிவிட்டது. ஒரு மணி நேர சிடி அப்படியே வைத்தால் 635 மெகாபைட், ஃபிளாக் ஆக்கினால் என் சிடிகளில் சராசரியாக 330 சொச்சம். சுருக்கத்தை 5இல் வைத்தாலும் 8இல் வைத்தாலும் ஒலி ஒன்றுதான், அளவில்தான் சொற்ப வித்தியாசம். எனக்கு இன்னொன்றும் பிடித்தது: இசையின் எம்டி5 எண், அதுவும் செக்சம் போன்ற கைரேகைதான், கோப்புக்கு உள்ளேயே இருக்கிறது. பத்து வருஷம் கழித்து ஒரு கட்டளை கொடுத்தால் கோப்பு கெட்டுப்போயிருக்கிறதா என்று அதுவே சொல்லிவிடும்.

சரி, இனி தினசரி வேலை. சாயங்காலம் மூன்று சிடி என்று வைத்துக்கொண்டேன். பெட்டியிலிருந்து எடுத்து வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பார்ப்பேன். விரல் ரேகை இருந்தால் மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேர்கோட்டில் துடைப்பேன். வட்டமாகத் துடைக்கவே கூடாது. தடம் வட்டமாக ஓடுகிறது. துடைக்கும்போது குறுக்கே ஒரு கோடு விழுந்தால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம்தான் மறையும், பிழைதிருத்தம் பார்த்துக்கொள்ளும். தடத்தோடு சேர்ந்து ஓடும் கோடு விழுந்தால் தொடர்ச்சியாக ஒரு பெரிய துண்டே போய்விடும். பற்பசை தேய்த்தால் கீறல் போகும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் அதைத் தொடவில்லை. தேய்ப்பது என்பது இன்னும் ஆயிரம் சின்னக் கீறல் போடுவதுதான்.

சிடியில் அடிப்பக்கக் கீறலைவிட மேல்பக்கக் கீறல் ஆபத்தானது என்பதை நான் இந்த நான்கு மாதத்தில்தான் கண்ணால் பார்த்தேன். அடிப்பக்கம் 1.2 மில்லிமீட்டர் தடிமனான பாலிகார்பனேட். அதில் விழும் கீறல் பிளாஸ்டிக்கோடு நின்றுவிடும். ஒலியைத் தாங்கும் அலுமினியப் படலமோ பெயர் அச்சிட்ட மேல்பக்கத்துக்கு ஒட்டியே, மெல்லிய ஒரு லாக்கர் பூச்சுக்கு அடியில் இருக்கிறது. அங்கே பேனா நுனி பட்டால்கூடப் படலம் உரிந்துவிடும், உரிந்தது உரிந்ததுதான். ஒரு சிடியை விளக்குக்கு நேரே பிடித்தபோது இரவு வானம் போலப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தது. பயந்துகொண்டே போட்டேன், எல்லாப் பாட்டும் சுத்தமாக வந்தன. தயாரிக்கும்போதே அப்படி ஊசித்துளைகள் இருப்பதுண்டு. இன்னொரு சிடியில் ஓரத்தில் ஒரு மிளகளவுதான் படலம் உரிந்திருந்தது, கடைசிப் பாட்டு போயே போய்விட்டது.

நல்ல சிடிக்கு ‘டெஸ்ட் அண்ட் காப்பி’ முறையில் கால் மணி நேரம் ஆகும். முதலில் ஒரு முறை படித்து எண்ணைக் குறித்துக்கொண்டு, இரண்டாம் முறை படித்துக் கோப்பாக எழுதும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அக்யூரேட்ரிப்பிலும் ஒத்துவந்தால் அந்தச் சிடிக்குப் பென்சிலால் ஒரு டிக். ரிப் ஓடும்போது நான் பக்கத்திலேயே உட்கார்ந்து சிடியோடு வந்த சிறு புத்தகத்தைப் படித்துக்கொண்டிருப்பேன். யார் வயலின், யார் ஒலிப்பதிவுப் பொறியாளர், எந்த ஸ்டுடியோ. பல வருஷமாக வைத்திருந்த சிடிகளில் இதையெல்லாம் முதல் முறையாகப் படித்தேன்.

கடைசியில் கணக்கு இப்படி வந்தது. 281 சிடிகள் முதல் முயற்சியிலேயே அக்யூரேட்ரிப்போடு பொருந்தின. 14 சிடிகள் அந்தப் பட்டியலிலேயே இல்லை, அவற்றுக்கு டெஸ்டும் காப்பியும் ஒத்துப்போனதே சான்று. 9 சிடிகள் கழுவிய பிறகோ பழைய டிரைவுக்கு மாற்றிய பிறகோ சரியாயின. 5 சிடிகளைக் கியூடூல்ஸ் என்ற மென்பொருள் காப்பாற்றியது. 3 சிடிகள் இன்னும் முழுமை இல்லை.

கியூடூல்ஸ் காப்பாற்றிய விதம் எனக்கு இன்றும் வியப்புதான். ஒரு சிடியில் ஐந்தாம் பாட்டில் மூன்று நிமிடத்துக்குப் பக்கத்தில், திரும்பத் திரும்பப் படிப்பதைக் காட்டும் இஏசியின் சிவப்பு விளக்குகள் ஏறத் தொடங்கின. இரண்டு டிரைவிலும் அதே இடம். லாக்கில் அந்தப் பாட்டு மட்டும் சந்தேகத்துக்குரியது, மற்ற பத்தும் சரி. கியூடூல்ஸ் தன் தரவுத்தளத்தில் வெறும் ஒப்பிடும் எண்ணை மட்டும் வைத்திருப்பதில்லை. சிடி முழுவதற்கும் சேர்த்து மீட்புத் தகவல் கொஞ்சம் வைத்திருக்கிறது. சேதம் ஓர் அளவுக்குள் இருந்தால் நம்மிடம் இருப்பதையும் அதையும் சேர்த்துக் காணாமல் போன சாம்பிள்களைக் கணக்குப் போட்டே எடுத்துவிடும். சில நூறு சாம்பிள்தான் வேறுபடுகிறது, திருத்தலாம் என்று காட்டியது. திருத்தச் சொன்னேன். புதிய கோப்பை அக்யூரேட்ரிப்பில் ஒப்பிட்டபோது ஐந்தாம் பாட்டும் மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது. ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும்: இது வேலை செய்ய சிடியின் எல்லாப் பாட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பிடித்த நாலு பாட்டை மட்டும் ரிப் செய்து வைத்திருந்தால் இந்த உதவி கிடைக்காது.

எந்தத் தரவுத்தளமும் உதவ முடியாத சிடி ஒன்று இருந்தது. 2003இல் அம்மா பாடிய கேசட்டிலிருந்து நானே சிடி-ஆரில் எழுதியது. 14 பாட்டு, 68 நிமிடம். கேசட் இப்போது இல்லை. சிடி-ஆரில் அலுமினியத்தில் பதிந்த குழிகள் கிடையாது, ஒரு சாயப் படலத்தை லேசர் சுட்டு எழுதியிருக்கும். வெளிச்சம் படப் படச் சாயம் கெடும். இதை நான் பல வருஷம் ஜன்னலோர அலமாரியில், மூடியில்லாத கம்பியில் கோத்து வைத்திருந்தேன். சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவது, எனவே கடைசிப் பாட்டுகள் ஓரத்தில் இருக்கும். முதல் 11 பாட்டும் டெஸ்ட், காப்பி இரண்டிலும் ஒரே எண். 12இலிருந்து சிவப்பு.

வேகத்தைக் குறைத்து 4 மடங்கில் வைத்துப் பழைய டிரைவில் போட்டேன். 12உம் 13உம் அன்றிரவே ஒத்துவந்தன. 14ஆவது வரவில்லை. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் ஒவ்வொரு எண். நண்பரிடம் மடிக்கணினி டிரைவ் ஒன்றை வாங்கி, அதற்கும் ஆஃப்செட் சரிசெய்து, மூன்று டிரைவிலும் 14ஆம் பாட்டை எடுத்தேன். ஆஃப்செட் திருத்திய டிரைவ்கள் என்பதால் மூன்று கோப்பும் சாம்பிளுக்குச் சாம்பிள் ஒரே இடத்தில் நிற்கும். ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் முதல் இரண்டையும் திறந்து, ஒன்றைத் தலைகீழாக்கி, இரண்டையும் கலந்தேன். ஒரே மாதிரி இருக்கும் இடங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு தட்டையான கோடாகிவிடும், மாறுபடும் இடங்கள் மட்டும் முள்ளாக நிற்கும். நாலே முக்கால் நிமிடப் பாட்டில் 23 முள். ஒவ்வொரு முள்ளிலும் மூன்றாவது கோப்பு யார் பக்கம் என்று பார்த்தேன். இரண்டு டிரைவ் ஒரே விடை சொன்னால் அந்தத் துண்டை எடுத்துக்கொள்வது. இப்படி 22 இடம் ஒட்டியாயிற்று. அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது.

மிஞ்சிய ஓரிடத்தில் மூன்று டிரைவும் மூன்று விதமாகச் சொல்கின்றன. அரை நொடி. அம்மா ஒரு சொல்லை நீட்டி இழுத்து மூச்சு வாங்கும் இடம் அது. மென்பொருளால் அதை மழுப்பி நிரப்பலாம். நான் செய்யவில்லை. கொரகொரப்போடு அப்படியே விட்டு, லாக்கில் அந்த நிமிடத்தையும் நொடியையும் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று டிரைவின் மூலக் கோப்புகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. நான்காவது டிரைவ் ஒன்று கிடைத்தால் மறுபடி பார்ப்பேன்.

ரிப் செய்வது பாதி வேலை என்று நினைத்திருந்தேன். உண்மையில் மூன்றில் ஒரு பங்குதான். பெயர் வைப்பதுதான் பெரிய வேலை. இசை சிடியில் பெரும்பாலும் பாட்டின் பெயர் கிடையாது. சிடி-டெக்ஸ்ட் என்ற ஏற்பாடு 1996இல் வந்தும் பல சிடிகள் அதைப் பயன்படுத்தவில்லை. நம் திரையில் வரும் பெயர், பாட்டுகள் தொடங்கும் இடங்களை வைத்து ஓர் அடையாள எண் உண்டாக்கி, இணையத்தில் தேடி எடுப்பது. நான் பலரும் சேர்ந்து தகவல் சேர்க்கும் மியூசிக்பிரெயின்ஸ் தரவுத்தளத்தையும் அதன் பிக்கார்ட் மென்பொருளையும் பயன்படுத்தினேன். அங்கே இல்லாத சிடிகளுக்கு நானே அட்டையைப் பார்த்து எல்லாத் தகவலையும் சேர்த்துவிட்டேன். யாரோ சேர்த்து வைத்ததை 200 முறைக்கு மேல் எடுத்துக்கொண்டவன், நாமும் கொஞ்சம் போட வேண்டாமா?

திரையிசைத் தொகுப்பு சிடிகளை ஏற்றியதும் கைபேசியில் ஒரே ஆல்பம் எட்டாக உடைந்து நின்றது. எட்டுப் பாட்டுக்கு எட்டுப் பாடகர், அதனால் எட்டு ஆல்பம். ‘ஆர்ட்டிஸ்ட்’ வேறு, ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ வேறு. பாடியவர் பெயர் முதலாவதில், இசையமைப்பாளர் பெயர் இரண்டாவதில், ‘கம்போசர்’ இடத்திலும் இசையமைப்பாளர். இப்படி முடிவு செய்து எல்லாத் திரையிசை சிடிக்கும் ஒரே மாதிரி வைத்ததும் உடைந்தவை ஒன்றுசேர்ந்தன. வேறு விதமாக வைப்பவர்களும் உண்டு, அதுவும் சரிதான். பாதியில் மாற்றாமல் இருந்தால் போதும். ஆண்டு விஷயத்திலும் அதே: 1970களில் பதிவான இசை 1990களில் சிடியாக வந்திருந்தால் நான் பதிவு வெளிவந்த ஆண்டைத்தான் போடுகிறேன், சிடியின் ஆண்டு தனி இடத்தில்.

தமிழ்ப் பாட்டுகளின் பெயரைத் தமிழிலேயே வைத்தேன். ஃபிளாக் டேக்குகள் (கோப்புக்குள் இருக்கும் பெயர், ஆண்டு போன்ற விவரங்கள்) எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் யுடிஎஃப்-8 முறையில் இருப்பதால் அதில் தடையே இல்லை. (மதிப்புகளுக்குத்தான். டேக்கின் தலைப்பை ஆங்கில எழுத்தில்தான் வைக்க முடியும்.) ஆனால் தேடினால் சில பாட்டுகள் கிடைக்கவே இல்லை. கண்ணெதிரே ‘கொ’ என்று தொடங்கும் பாட்டு இருக்கிறது, தேடல் பெட்டியில் ‘கொ’ என்று அடித்தால் வரவில்லை. ஒரு மாலை முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு புரிந்தது. யுனிகோடில் ‘ொ’ என்ற குறியை ஒரே எழுத்துக்குறியாகவும் எழுதலாம், ‘ெ’ ஒன்று ‘ா’ ஒன்று என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சாக ஒன்றுதான். என் விசைப்பலகை ஒன்றாக எழுதுகிறது, எங்கிருந்தோ வந்த டேக் இரண்டாக எழுதியிருக்கிறது. நான் வைத்திருந்த பிளேயர் பைட்டை அப்படியே ஒப்பிடுவதால் பொருந்தவில்லை. ‘ோ’வுக்கும் இதே கதை. எம்பி3டேக் மென்பொருளில் மாற்று விதிகள் எழுதி எல்லாவற்றையும் ஒற்றைக் குறிக்குக் கொண்டுவந்தேன்.

‘ௌ’ இன்னும் தந்திரமானது. ‘கௌ’ என்பதற்குப் பலர் ‘கெ’ அடித்து ‘ள’ சேர்த்துவிடுகிறார்கள். பார்த்தால் தெரியாது. இதைத் தானியங்கியாக மாற்றவும் முடியாது, ஏனென்றால் ‘கெளுத்தி’ போலச் சரியான ‘ெள’ சொற்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்தேன். அகரவரிசையும் கொஞ்சம் நெருடுகிறது. பிளேயர் யுனிகோடு எண் வரிசையில் அடுக்கினால் ‘ந’வை அடுத்து ‘ன’ வந்துவிடும், ‘வ’வுக்கு முன்னாலேயே ‘ழ’ நிற்கும். அதைப் பொறுத்துக்கொண்டேன்.

கோப்புப் பெயரில் இன்னொரு தடை வந்தது. விண்டோஸில் எல்லாம் சரியாக இருந்தது. லினக்ஸில் ஓடும் சேமிப்புப் பெட்டிக்கு நகலெடுக்கும்போது சில பாட்டுகள் மட்டும் ‘பெயர் மிக நீளம்’ என்று நின்றுவிட்டன. விண்டோஸ் ஒரு பெயருக்கு 255 குறிகளை அனுமதிக்கிறது. லினக்ஸ் 255 பைட்டை. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறிக்கு மூன்று. ‘கு’ என்பது ‘க’வும் உகரக் குறியுமாக இரண்டு, ஆக ஆறு பைட். கணக்குப் போட்டால் ஒரு பெயரில் ஐம்பது தமிழ் எழுத்து தாண்டுவதே கஷ்டம். ராகம், தாளம், பாடியவர் என்று எல்லாவற்றையும் கோப்புப் பெயரிலேயே அடைத்து வைத்திருந்தேன், அதுதான் இடித்தது. இப்போது கோப்புப் பெயரில் பாட்டு எண்ணும் முதல் சில சொற்களும் மட்டும். முழு விவரம் டேக்கில்.

பழைய சிடி ஒன்றின் ஒலி மட்டும் கண்ணாடியில் கீறுவது போலக் கூர்மையாக இருந்தது. முதலில் பதிவே அப்படி என்று நினைத்தேன். சிடியின் அமைப்பை எழுதி வைக்கும் கியூ ஷீட் கோப்பைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் ப்ரீ-எம்ஃபசிஸ் கொடி. 1980களின் சில சிடிகளில் உயர் அலைவெண்களைத் தூக்கிப் பதிந்திருப்பார்கள், சிடி பிளேயர் அந்தக் கொடியைப் பார்த்து மறுபடி இறக்கிக் கொடுக்கும். கோப்பாக மாற்றியதும் இறக்குவதற்கு ஆள் இல்லை. மூலக் கோப்பை அப்படியே வைத்துவிட்டு, சாக்ஸ் மென்பொருளில் டீ-எம்ஃபசிஸ் செய்த நகல் ஒன்றைக் கேட்பதற்கு எடுத்தேன். அந்த இசையின் இதமான உருவம் அப்போதுதான் வெளியே வந்தது.

சிடிகளுக்கு 001 முதல் 312 வரை எண் கொடுத்தேன். எண்ணைச் சிடியின்மேல் எழுதவில்லை, பெட்டிக்குள் ஒரு தாள் துண்டில். அதே எண் டேக்கிலும் உண்டு. அட்டையை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து சிறிதாக்கினால் அச்சுப் புள்ளிகளின் அலை வடிவம் தெரிவதில்லை. முன் அட்டை பாட்டுக்குள்ளும், புத்தகப் பக்கங்கள் ஃபோல்டரிலும் இருக்கின்றன. எல்லாப் பாட்டும் ஒரே ஒலி அளவில் கேட்க ரீப்ளேகெயின் போட்டேன். அது டேக்கில் ஓர் எண்ணை மட்டும் எழுதுகிறது, இசையைத் தொடுவதில்லை. கைபேசிக்கு ஓபஸ் என்ற சிறிய வடிவில் நகல்கள், ஃபிளாக்கிலிருந்து ஒரே இரவில் தானாக உருவானவை. எப்போது வேண்டுமானாலும் அழித்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

மொத்தம் 104 ஜிகாபைட். சேமிப்புப் பெட்டியில் ஒரு நகல், வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இன்னொரு ஹார்ட் டிஸ்க் தங்கை வீட்டில். அவளிடம் கொடுக்கும் முன் எல்லா ஃபிளாக்குக்கும் சோதனைக் கட்டளையை ஓடவிட்டேன். 4,000க்குச் சற்றுக் குறைவான கோப்புகள், ஒரு பிழையும் இல்லை. அந்த டிஸ்க்கைத் திறந்ததும் அவள் முதலில் போய் நின்றது 187ஆம் எண் ஃபோல்டரில். அம்மாவின் 14 பாட்டு. கடைசிப் பாட்டில் அந்த அரை நொடி வந்தபோது நிமிர்ந்து பார்த்தாள். தன் பழைய கணினி டிரைவ் இன்னும் பெட்டியோடு இருக்கிறதாம், தேடி எடுத்து அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.